சிரித்த முகத்தோடு இருந்தே ஆக வேண்டுமா?

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று புரிந்தது. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், அவர்களுடைய குறைபாடும் வேறு வேறு, ஆனால் எல்லோரையும் அரித்துக்கொண்டிருப்பது ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே வார்த்தைதான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காக: எனக்கு 26 வயதில் முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சக்கர நாற்காலியில் 17 வருஷம் ஓடிவிட்டது. நான் மருத்துவரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் படித்ததையும் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வயது 34. பைக் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்து 14 மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ‘மனசைத் தளர விடாதே, பாசிட்டிவா இரு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் இருக்கும்வரை சிரிக்கிறேன், கதவு சாத்தியதும் அழுகிறேன். இதை நான் எப்போதுதான் ஏற்றுக்கொள்வேன்? எனக்கு மட்டும்தான் இவ்வளவு நாள் ஆகிறதா?
— பெயர் வேண்டாம்

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு மட்டும் இல்லை. 14 மாதம் என்பது ஒன்றுமே இல்லை. அடிபட்ட முதல் இரண்டு வருஷம் எடுத்த எந்தப் போட்டோவிலும் நான் இடுப்புக்கு மேலேதான் இருப்பேன், நாற்காலி தெரியக் கூடாது என்று எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்தப் போட்டோ எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

‘ஏற்றுக்கொள்வது’ என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், என்னிடமும் சொன்னார்கள். நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று தேடித் தேடியே ஒரு வருஷம் போனது. அப்புறம்தான் தெரிந்தது, எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-ல் அந்த ஐந்தையும் எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்துத்தான். நீங்கள் சாகக் கிடக்கவில்லை, நாளைக்கும் எழுந்து பல் துலக்கப் போகிறவர். அந்தப் படிக்கட்டு நமக்குக் கட்டியதே இல்லை. ஏற்றுக்கொள்வது ஒரு நாள் காலையில் வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுகிற விருந்தாளியும் இல்லை, எனக்கு இன்றுவரை வருகிறது, போகிறது.

இன்னொரு கதையையும் கேட்டிருப்பீர்கள். லாட்டரி அடித்தவரும் கால் செயலிழந்தவரும் கொஞ்ச நாளில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுவார்களாம், மனசு அப்படிப் பழகிக்கொள்ளுமாம். மேடைப் பேச்சாளர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. அதன் மூலம் அமெரிக்காவில் பிலிப் பிரிக்மன் குழுவினர் 1978-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. உண்மையில் அதில் இருப்பது வேறு. விபத்து நடந்து ஓராண்டுக்குள் இருந்த 29 பேரிடம் கேட்டார்கள். 0 முதல் 5 வரையிலான அளவில், இப்போது எவ்வளவு மகிழ்ச்சி என்பதற்கு அவர்கள் கொடுத்த சராசரி 2.96. எதுவும் நடக்காத சாதாரண ஆட்கள் கொடுத்தது 3.82. ஆக, சமமாக இல்லவே இல்லை. ஆனால் பாதிக்கும் கீழேயும் இல்லை, பார்க்க வருகிறவர்கள் நினைப்பது போல அந்தச் சராசரி அதலபாதாளத்தில் கிடக்கவில்லை. என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது அந்த ஆய்வின் வேறொரு எண். விபத்துக்கு முன்னால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள் என்று கேட்டதற்கு இந்த 29 பேரின் சராசரி 4.41. மற்றவர்கள் தங்கள் பழைய நாட்களுக்குக் கொடுத்தது 3.32 மட்டுமே. அதாவது, கால் போனதும் பழைய வாழ்க்கைக்குப் பளபளவென்று ஒரு பாலிஷ் ஏறிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் ஏறியிருந்தது. நடக்கிற காலத்தில் நான் வேலையைத் திட்டிக்கொண்டு, தூக்கம் இல்லாமல், பாதி நாள் எரிச்சலோடு இருந்தவள். நினைவில் மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பேன். நீங்கள் இழந்தது நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதோடு நீங்கள் ஒருநாளும் வாழாத ஒரு வாழ்க்கையையும் சேர்த்து இழந்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு முறை பாருங்கள்.

அதே 29 பேரும் வருங்காலத்துக்குக் கொடுத்தது 4.32. நம்பிக்கை இருந்தது. அது பலித்ததா என்றால், பொதுவாக இது அவ்வளவு சுலபம் இல்லை என்றுதான் பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஒரே ஆட்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கேட்டு எடுத்த கணக்கெடுப்புகளை ரிச்சர்ட் லூகாஸ் 2007-ல் அலசியபோது, நீண்டகாலக் குறைபாடு வந்தவர்களின் திருப்தி இறங்கி, பெரும்பாலும் இறங்கிய இடத்திலேயே நின்றது. ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்’ என்பது அப்படியே உண்மை இல்லை. ஆறாவிட்டால் அது உங்கள் மனசின் பலவீனமும் இல்லை. ஆனால் 1999-ல் ஆல்பிரெக்ட், டிவ்லீகர் என்ற இருவர் குறைபாடு உள்ள 153 பேரிடம் நேரில் உட்கார்ந்து பேசியபோது, 54 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? என் கணக்கு இதுதான். நன்றாக இல்லை என்றவர்கள் சொன்ன காரணங்கள் வலி, அசதி, எதுவும் தன் கையில் இல்லாமல் போனது. காரணம் எல்லாம் இங்கே இருக்கிறதே தவிர, ‘நினைப்பு சரியில்லை’ என்பதில் இல்லை. வலியைக் குறைக்க வழி உண்டு, கையைவிட்டுப் போனதில் சிலவற்றைத் திரும்ப வாங்கவும் வழி உண்டு.

நான் திரும்ப வாங்கிய முதல் பொருள் வீட்டுச் சாவி. தனியாக எங்கே போகப் போகிறாள் என்று யாரும் எனக்கு ஒரு சாவி கொடுக்கவே இல்லை, கெட்ட எண்ணத்தில் அல்ல, யாருக்கும் தோன்றவே இல்லை. பூட்டை என் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கி மாட்டச் சொல்லி, சாவியைக் கேட்டு வாங்கிய அன்றைக்கு இருந்த உற்சாகம் எந்த ஊக்கப் பேச்சிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் வீட்டில் அது என்ன பொருள் என்று தேடுங்கள். குளிக்கும் நேரமாக இருக்கலாம், பணப்பையாக இருக்கலாம்.

வருகிறவர்கள் முன்னால் சிரிப்பதா? வேண்டாம். ‘இன்னிக்கு நல்லா இல்ல, கொஞ்ச நேரம் உட்காருங்க, வேற ஏதாவது பேசலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் வராமல் போவார்கள், மீதிப் பேர் நண்பர்கள் ஆவார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக. அழுகை வருவது வேறு, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் ஆசை இல்லாமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு வருவது வேறு. இரண்டாவது வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ‘நல்லாத்தானே இருக்கே’ என்பார்கள். ஒரு நாள் சுறுசுறுப்பாக எல்லா வேலையும் செய்தால் அடுத்த மூன்று நாள் படுக்கை. சோம்பேறி என்று பெயர் வாங்கியாகிவிட்டது. எப்படி உற்சாகமாக இருப்பது?
— ஒரு வாசகி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அசதிக்கு அது இன்னும் பொருந்தும். உங்களைப் போலவே லூபஸ் உள்ள கிறிஸ்டின் மிசராண்டினோ என்ற அமெரிக்கப் பெண் 2003-ல் ஒரு விஷயம் எழுதினார். உன் நோய் எப்படித்தான் இருக்கும் என்று தோழி கேட்டபோது, உட்கார்ந்திருந்த உணவகத்தில் மேஜை மேஜையாகக் கரண்டிகளைச் சேகரித்து 12 கரண்டிகளைத் தோழி கையில் கொடுத்தாராம். இதுதான் உன் இன்றைய நாள், எழுந்து குளித்தால் ஒன்று போச்சு, உடுத்தினால் இன்னொன்று போச்சு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வர, வேலைக்குக் கிளம்புவதற்குள்ளேயே தோழி கையில் பாதி காலி. வீட்டில் உள்ளவர்களிடம் மணிக்கணக்கில் விளக்குவதைவிட இதைச் செய்து காட்டுங்கள். ‘என்கிட்ட இன்னிக்கு ரெண்டுதான் மிச்சம்’ என்றால் அப்புறம் அவர்களுக்கே புரியும்.

உங்கள் விஷயத்தில் ஆபத்தானது கெட்ட நாள் இல்லை, நல்ல நாள்தான். உடம்பு கொஞ்சம் லேசாக இருந்ததும் பாக்கி வைத்த வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்கிறீர்கள், வட்டியோடு மூன்று நாள் கட்டுகிறீர்கள். நாள்பட்ட வலியும் அசதியும் உள்ளவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளர்கள் சொல்லித் தருவது இதற்கு நேர் எதிர். மோசமான நாளில்கூட எவ்வளவு முடியுமோ அதை அளவாக வைத்துக்கொண்டு, நல்ல நாளிலும் அதைச் சுற்றியே நிற்பது, களைத்த பிறகு நிறுத்தாமல் களைக்கும் முன்னாலேயே நிறுத்துவது. 20 நிமிடம் முடியும் என்றால் 15-ல் எழுந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பைத்தியம் பிடிக்கும், இன்னும் தெம்பு இருக்கிறதே என்று கை பரபரக்கும். இருக்கட்டும். அந்த மிச்சம்தான் நாளைக்கு. அசதி திடீரென்று கூடினால் மட்டும் அதை நோயின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், ரத்தசோகையோ தைராய்டோகூட காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், அவ்வளவுதான். ஆனால் விழா என்றால் என்னை மேடையேற்றி ‘இவரைப் பாருங்கள், நமக்கெல்லாம் என்ன கஷ்டம்’ என்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. நன்றிகெட்டவனா நான்?
— கணக்காளர்

இல்லை. உங்களை வைத்து அவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள், அதற்கு நீங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டுமா? சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பேச்சாளர் ஸ்டெல்லா யங் இதை 2014-ல் ஒரு மேடையிலேயே போட்டு உடைத்தார். அவருக்கு 15 வயது இருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் சாதனை விருதுக்கு இவள் பெயரைக் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்தாராம். பெற்றோர் சொன்னார்களாம், நல்ல யோசனைதான், ஆனால் இவள் இன்னும் எதுவும் சாதிக்கவில்லையே! படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்று சொன்னவரும் அவர்தான். அடுத்த முறை மேடைக்குக் கூப்பிட்டால், பேச எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, திரையில் இருப்பதை உங்களுக்கு வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் படிக்க மறுக்கும் அந்த அலுவலக மென்பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். அதற்கப்புறம் கூப்பிட மாட்டார்கள், அல்லது மென்பொருள் சரியாகும். இரண்டுமே லாபம்.

கேள்வி: அண்ணனுக்கு ஒரு விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து மூன்று வருஷம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், வெளியே வர மறுக்கிறார். நல்ல நல்ல வீடியோக்கள் போட்டுக் காட்டுகிறேன், நம்பிக்கை தரும் புத்தகங்கள் வாசித்துக் காட்டுகிறேன். பலனில்லை. அவரை எப்படிப் பாசிட்டிவாக மாற்றுவது?
— தங்கை

அம்மா, முதலில் அந்த வீடியோக்களை நிறுத்துங்கள். எனக்கே எரிச்சல் வருகிறது.

எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் கதையைச் சொல்கிறேன், வீடியோவாக இல்லாமல். 1953-ல் 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே முடக்கம், மூச்சுக்கு இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளை இயந்திரம். சாக வேண்டும் என்று முடிவுசெய்து சாப்பிட மறுத்தார். அவருக்கென்றே வைத்திருந்த தாதிகள் எவ்வளவோ கெஞ்சியும் ஊட்டியும் பார்த்தார்கள். கடைசித் தாதியும் போன பிறகுதான், சாப்பிடுவதா வேண்டாமா என்பது இனி தன் முடிவு என்று புரிந்து, தானே சாப்பிட ஆரம்பித்தாராம். 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், இரும்பு நுரையீரலை விடுதி தாங்காது என்பதால் வளாகத்து மருத்துவமனையில் தங்கிப் படித்தார். இவரால் வேலை பார்க்க முடியாது என்று முதலில் கைவிரித்த அதே மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1970-களில் இவரே இயக்குநர் ஆனார். இதில் கடைசி வரியை உங்கள் அண்ணனிடம் சொல்லாதீர்கள், தாதி விலகிப் போன கட்டம்தான் உங்களுக்காகச் சொன்னது.

அண்ணன் எரிந்து விழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன் என்று பார்ப்போம். ஒரு நாள் முழுக்கக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுப்புவது, எந்தச் சட்டை, ஜன்னல் திறப்பதா மூடுவதா, டிவியில் எது, யார் பார்க்க வரலாம். இதில் எத்தனை அவரைக் கேட்டு நடந்தது? கை அசையாதவருக்கு வாய் இருக்கிறது, அவர் சொல்லி நீங்கள் செய்வது வேறு, நீங்களே நினைத்துச் செய்வது வேறு. அவர் தப்பான சட்டையைத் தேர்ந்தெடுத்தாலும் போட்டுவிடுங்கள். இரண்டாவது, வெளியே வர மறுப்பவரிடம் ‘ஏன் வர மாட்டேங்கிறே’ என்று கேட்காமல், போனால் என்னென்ன பயம் என்று கேளுங்கள். நடுவழியில் சிறுநீர்ப் பை நிறைந்துவிடுமா, நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிப் படி ஏற்றுவார்களா, தெரிந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்களா. எனக்கு அந்த நாட்களில் வெளியே வர மறுத்ததற்கு ஒரே காரணம் கழிப்பறை. அதை ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் என் மனசைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு படி இருந்தால் சாய்தளம் போடுங்கள், ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும், அதைவிடச் செங்குத்தானால் பின்னால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து. குரலில் இயங்கும் போனை அவர் கட்டளைப்படி அமைத்துக் கொடுங்கள், யாருடைய உதவியும் இல்லாமல் ஒருவரோடு ரகசியம் பேச முடிவது சின்ன விஷயம் இல்லை.

நீங்களும் மூன்று வருஷமாக ஓடுகிறீர்கள். வாரத்தில் ஒரு அரைநாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கும் உங்களிடமிருந்து விடுமுறை வேண்டியிருக்கும்.

கேள்வி: ஊனமுற்றவர், மாற்றுத்திறனாளி, எது சரி?

அந்த ஆளைக் கேளுங்கள், அவர் சொல்வதுதான் சரி. என்னை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், ‘சக்கர நாற்காலியில் முடங்கியவர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். முடங்கியது கட்டிலில். நாற்காலி வந்த பிறகுதான் வெளியே போனேன்.

கேள்வி: கீபோர்டு வாசிப்பேன். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை விரல்கள் பழையபடி ஓடவில்லை. கீபோர்டைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். பார்த்தாலே வயிறு எரிகிறது.
— 52 வயது

மூடி வைத்ததில் தப்பில்லை, கொஞ்ச நாள் மூடியே இருக்கட்டும். பக்கவாதம் சமீபத்தில் என்றால் விரல் பயிற்சியை மட்டும் விடாதீர்கள். முதல் சில மாதங்களில்தான் அதிகம் திரும்பும், அதன் பிறகும் நிற்பதில்லை, மெதுவாகத் தொடரும்.

பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் முதுமையில் எப்படி வாசிக்கிறார் என்று கேட்டபோது சொன்னதை உளவியலாளர் பால் பால்டெஸ் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார், அந்தக் கொஞ்சத்தை அதிகம் பயிற்சி செய்தார், அப்புறம் ஒரு தந்திரம், வேகமான பகுதி வருவதற்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், கேட்பவர்களுக்கு அடுத்தது வேகமாகத் தோன்றும். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தந்திரம்தான், கொஞ்சம் ஏமாற்று வேலை, அதனாலேயே. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் இடது கைக்கென்றே இசை எழுதித் தரச் சொல்லிப் பெரிய இசையமைப்பாளர்களிடம் வாங்கி மேடையில் வாசித்தார் என்றும் உங்களிடம் சொல்வார்கள். அவர் பெரும் பணக்காரக் குடும்பம், காசு கொடுத்து எழுத வைக்க முடிந்தது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

துணியை எடுக்கும் நாளில் பழைய பாடலை வாசிக்காதீர்கள், விரல் தடுமாறும் ஒவ்வொரு இடமும் குத்தும். நீங்கள் இதுவரை வாசிக்காத ஒன்றை, இடது கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்களே, உங்களுக்கே ஒரு மோசமான நாள் வந்தால் என்ன செய்வீர்கள்?
— சும்மா கேட்கிறேன்

சும்மா கேட்கவில்லை என்று தெரியும்.

முதலில் உடம்பைப் பார்ப்பேன். என்னைப் போல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் எரிச்சல் தெரியாது, வெறும் சோர்வாகவும் கால் இழுப்பாகவும் காரணமே இல்லாத வெறுப்பாகவும் வரும். வாழ்க்கையே வேண்டாம் என்று இரண்டு நாள் தத்துவம் பேசிவிட்டு, மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்த பிறகு, அட இதுவா என்று அசடு வழிந்திருக்கிறேன், ஒரு முறை இல்லை, நான்கைந்து முறை. உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், அது மோசமான நாள்தான், அப்படியே விட்டுவிடுவேன். யாருக்கும் போன் செய்து ஆறுதல் கேட்கமாட்டேன், ஒரே ஒரு தோழியைத் தவிர. அவளும் ஆறுதல் சொல்லமாட்டாள், அவள் மேலதிகாரியைத் திட்டுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த நாளாக இருந்தாலும் தவறாதது இரண்டு: அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி எடையை மாற்றுவது, இல்லாவிட்டால் படுக்கைப் புண். ராத்திரி நாற்காலியின் பேட்டரியைச் சார்ஜில் போடுவது. காலையில் நல்ல நாளாக இருந்துவிட்டால் சார்ஜ் இல்லாமல் நிற்கக் கூடாது பாருங்கள்.